பச்சை நாருக்கு வரிசையில் நின்ற தூக்கணாங்குருவி

கீற்றன் என்ற தூக்கணாங்குருவி ஏரிக்கரை ஈச்சமரத்தில் தலைகீழாகத் தொங்கியபடி கூடு பின்னிக்கொண்டிருந்தது. பாதிக் கூடு முடிந்திருந்தது. தவிட்டி என்ற பெண்குருவி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது.

"பின்னல் நல்லாத்தான் இருக்கு! மழைக்கு இன்னும் அஞ்சு நாள். அதுக்குள்ள முடிச்சிடு, இங்கேயே முட்டை வைக்கிறேன்!" என்றது தவிட்டி.

கீற்றனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆனால் வேலை லேசானதல்ல. ஒவ்வொரு நாராகக் கிழித்து வந்து, ஈரம் காய்வதற்குள் பின்ன வேண்டும். காய்ந்தால் நார் ஒடியும். பழுப்பேறிய கூட்டைப் பெண்குருவிகள் ஏறெடுத்தும் பார்க்காது.

அந்த நேரம் பார்த்துக் காக்கை ஒன்று கத்திக்கொண்டு போனது. "சிங்கராசா உத்தரவு! நெய்யுற பறவைக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கட்டுப் பச்சை நார் இலவசம்! தாமரைக்குளத்து நாரையாரைப் பாருங்க!"

ஒரு கட்டு நார் இருந்தால் ஒரே நாளில் கூட்டை முடித்துவிடலாமே! கீற்றன் வாயிலிருந்த நாரைப் போட்டுவிட்டுப் பறந்தது.

குளக்கரையில் நீண்ட வரிசை. முன்னால் ஒரு குயில் நின்றது. கூடே கட்டாத குயிலுக்கு இங்கே என்ன வேலை? கீற்றனுக்கு விளங்கவில்லை.

நாரை ஒற்றைக்காலில் நின்று கேட்டது: "நீ நெசவுப் பறவைதான்னு எப்படி நம்புறது?"

"என் கூட்டை வந்து பாருங்க ஐயா!"

"கூடு மரத்துல இருக்கு. நான் இங்கே இருக்கேன். சாட்சியைக் கூட்டிட்டு வா!"

மறுநாள் பக்கத்துமரத்து அணிலைக் கெஞ்சிக் கூட்டிப்போனது கீற்றன்.

"அணில் நெய்யுமா?" என்றது நாரை.

"நெய்யாதுங்க."

"அப்ப அதுக்கு நெசவைப் பத்தி என்ன தெரியும்? போய்ட்டு வா!"

மூன்றாம் நாள் இன்னொரு தூக்கணாங்குருவியைத் தேடிப் பிடித்தது. "சொந்த இனம் சொல்ற சாட்சி செல்லாது!" என்றது நாரை. அணிலும் கூடாது, குருவியும் கூடாது என்றால் வேறு யார்தான் சாட்சி? கீற்றனுக்கு மண்டை குழம்பியது. கேட்டால் நாரை கோபித்துக்கொள்ளுமோ என்று தலையை மட்டும் ஆட்டியது.

நான்காம் நாள் நாரையே சலித்துப்போய்ச் சொன்னது: "சரி, நேர்ல பார்த்துவர மரங்கொத்தியை அனுப்புறேன். எப்போ வரும்னு நாளைக்கு வந்து தெரிஞ்சுக்கோ!"

ஐந்தாம் நாள் விடியும் முன்பே கீற்றன் வரிசையில் நின்றது.

"மரங்கொத்தி காலையிலேயே போய்ப் பார்த்துட்டு வந்துடுச்சு. கூட்டுல யாரும் நெய்யலையாமே!" என்றது நாரை.

"நான் இங்கே உங்க முன்னாலதானே ஐயா நின்னேன்!"

"நெய்யுறவனா இருந்தா நெய்துகிட்டுல்ல இருந்திருக்கணும்?"

கீற்றனுக்கு நாரை சொல்வதும் நியாயம்போலத்தான் இருந்தது. அதற்குள் குயில் ஒரு கட்டு நாரை இழுத்துக்கொண்டு வந்தது.

"உனக்கு எப்படிக் கிடைச்சுது?" என்று திகைத்தது கீற்றன்.

"எனக்குத்தான் வேலை வெட்டி ஒண்ணும் இல்லையே! நாள் முழுக்க இங்கேயே நின்னு எந்தக் கேள்விக்கு எந்தப் பதில்னு மனப்பாடம் பண்ணிட்டேன். அது சரி, இதைத் தின்னணுமா, விரிச்சுப் படுக்கணுமா?"

கீற்றன் அழுதுகொண்டே மரத்துக்குப் பறந்தது. கூடு வெயிலில் காய்ந்து பழுப்பேறிக் கிடந்தது. புது நார் ஒன்றைக் கோக்கப் பார்த்தது. பழைய நார் மளுக்கென்று ஒடிந்தது. தவிட்டி கிளையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"அஞ்சு நாளா எங்கே போனே?"

"நெய்யுறவன்னு நிரூபிக்கப் போனேன்!"

"எனக்கு நீ நிரூபிச்சிருக்கலாம்," என்ற தவிட்டி அக்கரைப் பனைமரத்துக்குப் பறந்துவிட்டது.

மழை கொட்டத் தொடங்கியது. நனைந்துகொண்டே மரங்கொத்தி வந்தது.

"சந்தோஷச் சேதி! மறுபடி நேர்ல பார்க்கச் சொல்லிட்டாங்க. எங்கே, நெய்து காட்டு பார்ப்போம்!"

கீற்றன் ஒடிந்த நார்த்துண்டையும் மரங்கொத்தியையும் மாறி மாறிப் பார்த்தது.

உழைப்பவனை வேலையை விட்டு அலைய வைத்துக் கொடுக்கும் உதவி, வேலையில்லாமல் நிற்பவனுக்கே போய்ச் சேரும்.