பாறையில் ஏறிய பாப்பா

காட்டாறு ஒன்று வளைந்து திரும்பும் இடத்தில் ஒரு நீர்நாய்க் கூட்டம் வாழ்ந்தது. மொத்தம் பதினாறு பேர். மீன் பிடிப்பது, நீந்துவது, வெயிலில் புரள்வது போக மிச்ச நேரம் முழுக்க அவர்களுக்குப் பேச்சுதான். யார் வளையில் என்ன நடந்தாலும் பதினாறு பேரும் கருத்துச் சொல்வார்கள்.

ஆற்றின் நடுவே ஒரு காவல் பாறை இருந்தது. ஆபத்தைக் கண்டவர் அதில் ஏறி நின்று சொல்ல வேண்டும். முதலில் தன் பெயர், அப்புறம்தான் விஷயம். பெயர் சொல்லாமல் கத்தினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். எப்போதோ ஒரு மைனா நீர்நாய் மாதிரியே குரல் கொடுத்து எல்லாரையும் ஓட வைத்ததாம். அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. மைனாவுக்குப் பெயரையும் சேர்த்துச் சொல்லத் தெரியாதா என்று பதினாறு பேரில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

அந்தக் கூட்டத்தில் அல்லி என்ற தாய்க்கு ஒரு பெண் குட்டி பிறந்தது. முதல் பிள்ளை ஆண். அவனுக்குப் ‘பேரரசன்’ என்று பெயர் வைத்தபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. பெண் குட்டிக்குக் ‘கதிர்’ என்று வைக்கப் போவதாக அல்லி சொன்னதும் ஆற்றங்கரையே கூடிவிட்டது.

கூட்டத்தின் தலைவர் மருதப்பன், அல்லியின் அண்ணன். அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை.

“கதிர்னா ஆணா பொண்ணா? பாறையில நின்னு கதிர் சொல்றேன்னு குரல் வந்தா, நாங்க யாருன்னு நெனைக்கிறது?”

“அதுக்குத்தான் வைக்கிறேன் அண்ணே,” என்றாள் அல்லி. “பாறையில பொம்பளப் பேர் கேட்டா நீங்க பாதிக் காதுதான் குடுக்குறீங்க. ஆணா பொண்ணான்னு தெரியாம இருந்தா முழுசாக் கேப்பீங்கல்ல?”

மருதப்பனுக்கு முகம் சுருங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் யாருக்குத்தான் சுருங்காது?

அதன் பிறகு ஆளாளுக்குக் கருத்து. துணை தேடி வருகிறவன் பையன் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவான் என்றார் ஒருவர். பெண் பிள்ளைக்குப் பூவின் பெயர்தான் லட்சணம் என்றார் இன்னொருவர். மரக்கிளையில் இருந்த மீன்கொத்தி, இப்போதெல்லாம் இந்த மாதிரிப் பெயர்தான் எல்லாரும் வைக்கிறார்கள் என்று தன் பங்குக்குச் சொல்லி வைத்தது. கட்டையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த ஆமை, தன்னை மணலில் புதைத்துவிட்டுப் போன அம்மா பெயரே வைக்கவில்லை என்றும், அதனால் தனக்கு ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னது. யாரும் அதைக் கேட்கவில்லை.

கடைசியில் மருதப்பனின் மனைவி சங்குதான் சமாதானம் செய்தாள். “இப்ப எதுக்குச் சண்டை? கொஞ்ச நாளைக்கிப் பாப்பான்னு கூப்பிடுவோம். பேரை அப்புறம் நிதானமா வச்சுக்கலாம்.”

அல்லிக்குப் பிள்ளை பெற்ற அலுப்பு. சரி என்று விட்டுவிட்டாள். அப்புறம் என்ற அந்த நாள் வரவே இல்லை. பாப்பா, பாப்பாவாகவே வளர்ந்தாள்.

எல்லாருக்கும் அவளைப் பிடிக்கும். மீன் பிடித்தால் அவளுக்கு ஒரு துண்டு எடுத்து வைப்பார்கள். அவளைச் சீண்டிச் சிரிப்பார்கள். இரண்டு வயதில் அண்ணன் பேரரசனைவிட நீளமாக வளர்ந்துவிட்டாள். ஆற்றில் மேலே மூன்று வளைவு தாண்டித் தனியாகப் போய் வருவாள். தண்ணீரின் வாசனையை வைத்தே மேலே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஆனாலும் பாறையில் ஏறி “பாப்பா சொல்றேன்” என்று தொடங்கினால் போதும், கரையில் சிரிப்பு கிளம்பிவிடும். அவள் சொல்ல வந்தது அந்தச் சிரிப்போடு போய்விடும்.

பேரரசன் கதை வேறு. ஒருநாள் மிதந்து வந்த மரக்கட்டையை முதலை என்று நினைத்து அவன் பாறையில் ஏறினான். “பேரரசன் சொல்றேன், முதலை!” என்று கத்தினான். அத்தனை பேரும் பிடித்த மீனைப் போட்டுவிட்டு மேட்டுக்கு ஓடினார்கள். மீனை எல்லாம் காக்கைகள் கொண்டுபோயின. கட்டை மெதுவாகக் கடந்து போனது. யாரும் சிரிக்கவில்லை. “உஷாரான பையன்,” என்று மருதப்பன் தட்டிக்கொடுத்தார்.

அந்த ஐப்பசியில் அல்லி மறுபடியும் மூன்று குட்டிகள் ஈன்றாள். இன்னும் கண் திறக்காத குட்டிகள். தண்ணீருக்குப் பக்கமாக இருந்த கீழ் வளையில் அவற்றைப் போட்டிருந்தாள். பத்து நாளாக அங்கே ஒரு சொட்டு மழை இல்லை. வானம் பளிச்சென்று இருந்தது.

பதினோராம் நாள் உச்சி வேளையில் பாப்பா மேலே போய்விட்டு நீந்தி வந்துகொண்டிருந்தாள். தண்ணீரில் மலைச் செம்மண் வாசனை அடித்தது. பச்சை இலைகள் கிளையோடு பிய்ந்து வந்தன. கரையோர நண்டுகள் வளையை விட்டு வெளியேறி, ஒன்றன் பின் ஒன்றாக மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. மலையில் பேய்மழை கொட்டியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு முதலில் நினைவுக்கு வந்தது கீழ் வளைதான்.

நேராகப் பாறையில் ஏறினாள்.

“பாப்பா சொல்றேன். மேல இருந்து வெள்ளம் வருது. கீழ் வளையில இருக்கிற குட்டிங்களத் தூக்கி மேட்டுல போடுங்க.”

முதல் சொல்லிலேயே சிரிப்பு வந்துவிட்டது. வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கிடந்தவர்கள் புரண்டு புரண்டு சிரித்தார்கள். மருதப்பன் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். “மேகமே இல்ல, வெள்ளமாம். பாப்பா சொல்லுது, கேட்டுக்குங்க.” சங்கு, மீன் தலை வைத்திருப்பதாகச் சொல்லி அவளைக் கொஞ்சிக் கூப்பிட்டாள்.

அல்லியும் சிரித்தாள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ‘பாதிக் காது’ என்று அன்றைக்கு நியாயம் கேட்டவள் அவள். அவளுக்கும் அந்தப் பெயர் பழகிப் போயிருந்தது.

பாப்பா பாறையிலிருந்து குதித்து வளைக்குள் நுழைந்தாள். ஒரு குட்டியைப் பிடரியில் கவ்வி வெளியே கொண்டுவந்தாள். அல்லி ஓடி வந்து அதைப் பிடுங்கி மறுபடி உள்ளே விட்டாள்.

“தூங்குற பிள்ளைய எதுக்குடி எழுப்புற? போ, அந்தப் பக்கம் போய் விளையாடு.”

“அம்மா, தண்ணிய ஒரு தடவ மோந்து பாரும்மா.”

“போடி பாப்பா!” என்று அதட்டிவிட்டு வளை வாசலிலேயே படுத்துக்கொண்டாள்.

பாப்பா தண்ணீரில் பாய்ந்தாள். கீழே அடுத்த வளைவில் பேரரசன் ஆரல் மீன் தின்றுகொண்டிருந்தான். அவனிடம் போய், தான் சொன்னதையே சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். வெள்ளம் வருகிறதா என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் தங்கை அழுது அவன் பார்த்ததே இல்லை. பாதி மீனைப் போட்டுவிட்டு வந்தான். இருவரும் எதிர்த்து நீந்தி வருவதற்குள் தண்ணீர் செம்மண் நிறமாகி, பாறையின் பாதியை மூடிவிட்டிருந்தது. வளை வாசலில் அல்லியும், கரையில் மற்றவர்களும் உண்ட மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“பேரரசன் சொல்றேன். மேல இருந்து வெள்ளம் வருது. கீழ் வளையில இருக்கிற குட்டிங்களத் தூக்கி மேட்டுல போடுங்க.”

அதே வார்த்தைகள்தான். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. யாரும் சிரிக்கவில்லை. யாரும் வானத்தைப் பார்க்கவில்லை. மருதப்பன் துள்ளி எழுந்து, எல்லாரையும் மேட்டுக்கு விரட்டினார். அல்லி வளைக்குள் பாய்ந்து ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு ஓடினாள். வாயால் ஒரு தடவைக்கு ஒரு குட்டியைத்தானே கவ்வ முடியும்? அவள் மேட்டில் அதை விட்டுத் திரும்பிப் பார்த்தபோது வளை வாசலைக் காணவில்லை. மரங்களைப் பெயர்த்துக்கொண்டு ஆறு வந்திருந்தது.

பின்னால் நீந்தி வந்து சேர்ந்த பாப்பா, வளை இருந்த இடத்தில் மூழ்கினாள். நெடுநேரம் கழித்து ஒரு குட்டியோடு மேலே வந்தாள். அதைப் புல்லில் கிடத்தி நக்கினாள். அல்லியும் நக்கினாள். அது அசையவில்லை. மூன்றாவது குட்டியைக் கடைசி வரை யாரும் பார்க்கவில்லை.

வெள்ளம் வடிய மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் கருத்துச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. நான்காம் நாள் மருதப்பன் எல்லாரையும் பாறை அருகே கூட்டினார். அவர் குரலில் பழைய அதட்டல் இல்லை. பாப்பாவுக்கு அவள் அம்மா ஆசைப்பட்ட பெயரையே வைத்துவிடலாம் என்றார். கூட்டம் கூட்டி, விருந்து வைத்து, இனி அவள் கதிர்தான் என்று பாறையிலேயே சொல்லிவிடலாம் என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். சங்கு அழுதாள்.

பாப்பா பாறையில் ஏறவில்லை. கரையில் நின்றபடியே பேசினாள்.

“வேணாம் மாமா. கதிர்னு வச்சா நீங்க கேப்பீங்க, தெரியும். அப்ப அடுத்த வீட்டுப் பாப்பா சொல்றத யார் கேக்குறது? எம் பேரு யாரையும் கொல்லல. பேரைக் கேட்டதும் சிரிச்சீங்களே, அந்த நேரம் போதும் மாமா, மூணையும் தூக்கியிருக்கலாம்.”

அல்லி மகளின் அருகே வந்து, “நானும் சிரிச்சேன்டி,” என்றாள். பாப்பா அவளை ஒட்டி உட்கார்ந்தாள். ஆனால், பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயமா அது?

அன்றே வழக்கத்தை மாற்றினார்கள். இனி பாறையில் முதலில் விஷயம், பெயர் கடைசியில். கேட்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல நாள் பழக்கம் அவ்வளவு லேசில் போய்விடுமா? இன்றைக்கும் பாறையிலிருந்து குரல் வந்தால் மருதப்பன் எழுந்து நிற்கிறார். நின்று, யார் பெயர் வருகிறது என்று ஒரு கணம் காத்திருக்கிறார். அப்புறம் கீழ் வளை இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓடுகிறார்.

பிழைத்த குட்டி பெண் குட்டி. அதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று யாரும் இன்னும் வாய் திறக்கவில்லை. அது கத்தினால் மட்டும் பதினாறு பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

பிள்ளைக்கு எந்தப் பெயரை வேண்டுமானாலும் வைக்கலாம்; ஆனால் பெயரைப் பார்த்துப் பேச்சை எடை போடுகிறவர்கள், உண்மை தங்கள் வாசலுக்கு வந்து கூப்பிட்டாலும் அதை அடையாளம் காண மாட்டார்கள்.