மூன்று பேருக்கு ஒரு சர்டிபிகேட்

இந்தக் கதையில் ஒரு ஏணி வரும். நல்ல நீளமான மூங்கில் ஏணி. அது என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது.

எங்கள் ஊரில் நல்லபெருமாள், ஆவுடையப்பன், மாசானம் என்று மூன்று பேர். வெங்காய மண்டியில் மூட்டை தூக்கினார்கள். யாருக்கும் கெடுதல் நினைக்காத பிள்ளைகள். நினைத்திருந்தால் ஊருக்கு நல்லது. அவர்கள் நினைத்தது எது நடந்திருக்கிறது?

மாசானத்துக்கு மாமன் மகள் இசக்கியம்மாள் மேல் ஆசை. அவள் வீடு வாய்க்காலுக்கு அக்கரையில். அவளுக்கும் அவன்மேல் ஆசைதான். ஏன் என்று நானும் பலமுறை யோசித்துப் பார்த்துவிட்டேன். மாமன் பூதப்பாண்டி மட்டும் மசியவில்லை.

"மூட்டை தூக்குறவனுக்குப் பொண்ணு இல்ல," என்றார். "இப்பம் பெட்டிக்கடைக்காரன்கூட கணக்கு எழுத ஆள் தேடுதான். கணக்குப் படிச்சு, சர்டிபிகேட்டைச் சுவத்துல மாட்டி, சொந்தமாத் தொழில் பண்ணு. ஆவணிக்குள்ள ஆகலைன்னா கோவில்பட்டி மாப்பிள்ளைக்கு வாக்குக் கொடுத்துருவேன்."

அன்றைக்கே மூவரும் மண்டி வேலையை விட்டுவிட்டார்கள். "இன்னும் படிக்கவே இல்லையேலே" என்று கேட்டேன். "சொந்தத் தொழில் பண்றவன் இன்னொருத்தன்கிட்ட வேலை பார்க்கலாமா பெரியப்பா?" என்று திருப்பிக் கேட்டார்கள்.

டவுனில் ஒரு பயிற்சி நிலையம். அங்கே மெர்சி டீச்சர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுத மூணு மாசப் படிப்பு போதும். பெரிய கம்பெனின்னா ஒரு வருஷம். அதுக்கும் மேலன்னா மூணு வருஷம். அவசரப்படாதீங்க. வீட்டுல உட்கார்ந்து பேசி முடிவு பண்ணுங்க."

வீட்டில் உட்கார்ந்துதான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டதால் பஸ்ஸில் மூவரும் வாயே திறக்கவில்லை. எந்த ஊருக்கு டிக்கெட் என்று கண்டக்டர் கேட்டதற்கும் பேசவில்லை. பாதி வழியில் இறக்கிவிட்டார். நடந்து வந்தார்கள். ஊருக்குள் நுழைந்ததும் முதலில் இருப்பது என் வீடு. வீடு என்றால் வீடுதானே என்று என் கட்டிலில் மூவரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து அதற்கு ஒரு கால் ஆடுகிறது.

"மூணு மாசத்துல படிச்சது மூணு மாசத்துல தீர்ந்துரும்லே," என்றான் நல்லபெருமாள். "மூணு வருஷப் படிப்புன்னா நின்னு வரும்."

"அதுக்குள்ள இசக்கிக்குக் கோவில்பட்டியில பிள்ளையே பிறந்துரும்," என்றான் மாசானம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆவுடையப்பன் விரலை மடக்கி, நிமிர்த்தி, மறுபடி மடக்கினான். "எலே, ஒண்ணு கவனிச்சியளா? மூணு மாசத்தை நாம மூணு பேரும் பிரிச்சா ஆளுக்கு ஒரு மாசம். ஒரு வருஷத்தைப் பிரிச்சா நாலு மாசம். மூணு வருஷம்னா ஆளுக்கு ஒரு வருஷம். எதை எடுத்தாலும் சரியா வகுபடுது!"

மற்ற இருவரும் விரலை மடக்கிச் சரிபார்த்தார்கள்.

"நாம வருவோம்னு தெரிஞ்சுதான் வச்சிருக்காவ," என்றான் நல்லபெருமாள் மெதுவாக.

"நல்லவேளை, நாலு பேராப் போகல," என்றான் மாசானம்.

"படிப்பு என்ன பலாப்பழமா, ஆளுக்கு நாலு சுளை பிரிச்சுக்க?" என்று கேட்டேன்.

"பெரியப்பா, நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கிய?" என்றான் ஆவுடையப்பன், மரியாதையாகத்தான். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். அவன் கேட்டதை இன்னும் மறக்கவில்லை.

மூன்று மாதப் படிப்பு என்று முடிவாயிற்று. கல்யாணம் மாசானத்துக்கு என்பதால் அவன் பெயரில் சேர்ந்தார்கள். ஆளுக்கு ஒரு மாதம் போய்வந்தார்கள். வகுப்பு நிறைய ஆட்கள். மாசானம் என்று கூப்பிட்டால் யாரோ ஒருவன் கை தூக்குகிறான், அது போதும் என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

முதல் மாதம் போன நல்லபெருமாள் ஒரே ஒரு பாடத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். "ஒரு பக்கம் ஒண்ணு வந்தா இன்னொரு பக்கம் ஒண்ணு போகணும். ரெண்டு பக்கமும் சமமா நிக்கலைன்னா எங்கேயோ தப்பு நடந்திருக்கு. இதுதான் மொத்தக் கணக்கும்."

அடுத்த மாதம் போன ஆவுடையப்பனுக்கு முதல் மாதப் பாடம் தெரியாததால் ஒன்றும் விளங்கவில்லை. வரவுப் பக்கத்தையும் செலவுப் பக்கத்தையும் பிரிக்கிற நடுக்கோட்டில் எதையும் எழுதக் கூடாது என்பது மட்டும் மனதில் நின்றது. கடைசி மாதம் போன மாசானம் பரீட்சை எழுதினான். எல்லாக் கேள்விக்கும் இடது பக்கம் ஒரு தொகை, வலது பக்கம் அதே தொகை. திருத்தியவர் இரண்டு பக்கமும் சமமாக நிற்பதைப் பார்த்தார். அதற்கு மேல் பார்க்கவில்லை. பாஸ்.

சர்டிபிகேட்டை வாங்கிக் கண்ணாடி போட்டு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்தார்கள். சர்டிபிகேட்டை உயரத்தில் மாட்டுங்கள் என்று டீச்சர் சொன்னாராம். அதற்குத்தான் என் ஏணி போனது. கூரை ஓட்டை ஒட்டி, பல்லி மட்டும் படிக்கிற உயரத்தில் மாட்டினார்கள்.

"வேலை முடிஞ்சுதுல்லா, ஏணியைக் கொடுங்கலே."

"அதை எடுத்துட்டா வாரவுக எப்படிப் பெரியப்பா படிப்பாவ?" என்றான் மாசானம்.

சொந்தத் தொழிலில் நாமே முதலாளி, நாமே வேலைக்காரன் என்று யாரோ சொல்லி வைத்திருந்தார்கள். இரண்டாம் நாள் நல்லபெருமாளுக்குக் காய்ச்சல். தன்னிடமே லீவு கேட்டுப் பார்த்தான். தொழில் தொடங்கின மறுநாளே லீவா என்று மறுத்துவிட்டான். போர்வையைப் போர்த்திக்கொண்டு கடைக்கு வந்து, முதலாளியைக் கண்டபடி திட்டிக்கொண்டிருந்தான்.

அன்றைக்குத்தான் முதல் வாடிக்கை. இட்லிக்கடை பேச்சியம்மாள் உள்ளே நுழைந்தாள். நல்லபெருமாள் எழுந்து வெளியே போனான்.

"ஏ தம்பி, கணக்கு எழுதத்தானே வந்தேன்? என்னைக் கண்டதும் எங்க ஓடுத?"

"நீங்க வரவு அக்கா. நான் போனாத்தான் சமமா நிக்கும்."

அடுத்து தையல்கடைக்காரர் வந்தார். ஆவுடையப்பன் வெளியே போனான். சைக்கிள் கடைக்காரர் வந்தார். மாசானமும் வெளியே போனான். உள்ளே மூன்று வாடிக்கையாளர்கள், வெளியே வெயிலில் மூன்று கணக்கர்கள். இரண்டு பக்கமும் சமம். மூவருக்கும் பெருமை தாங்கவில்லை.

உள்ளே இருந்தவர்கள் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். பிறகு பேச்சியம்மாள் பேனாவை எடுத்துத் தன் கணக்கைத் தானே எழுத ஆரம்பித்தாள். மற்ற இருவரும் எழுத ஆரம்பித்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தானா பூதப்பாண்டி வர வேண்டும்? கையில் வெற்றிலைப் பை. கோவில்பட்டிக்குப் போகிற வழி. வாக்குக் கொடுக்கத்தான் போகிறார். எதற்கும் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். வாசற்படியில் காலை வைத்தார். மாசானம் இரண்டு கையையும் விரித்து மறித்தான். உள்ளேயிருந்து வெளியே அனுப்ப இனி ஆள் ஏது?

"மாமா, உள்ள வராதீய! கணக்குக் கெட்டுப்போகும்!"

பூதப்பாண்டி எட்டிப் பார்த்தார். உள்ளே மூன்று பேர் தலை நிமிராமல் எழுதுகிறார்கள். வெளியே இவன்கள் கைவீசிக்கொண்டு நிற்கிறான்கள். மாமனாரையே உள்ளே விடாத கண்டிப்பு வேறு.

"எம்மாடி! மூணு பேரை வேலைக்கு வச்சிருக்கானே!" என்றார். "இவன்லா முதலாளி!"

வந்த வழியே திரும்பிப் போய் ஆவணியில் நாள் குறித்துவிட்டார். என்ன செய்ய? ஊரில் ஒருத்தருக்காவது கண் தெரிய வேண்டாமா?

ஆவணியில் வாய்க்காலில் தண்ணீர் இடுப்பளவு ஓடியது. பெண் வீட்டார் வருவதற்கு என் ஏணியை இரு கரைக்கும் குறுக்கே போட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாலி கட்டி முடிந்தது. இசக்கியம்மாள் வலது காலை எடுத்து வைத்து மாசானம் வீட்டுக்குள் நுழைந்தாள். கூட்டத்திலிருந்து நல்லபெருமாள் இருமினான்.

"மாப்ள... ஒரு ஆளு வரவு."

மாசானத்தின் முகம் மாறிவிட்டது. கழுத்து மாலையோடு வெளியே நடந்தான். ஏணிமேல் நடந்து அக்கரைக்குப் போய் மாமனார் வீட்டில் உட்கார்ந்துகொண்டான். பூதப்பாண்டி வெற்றிலைப் பையை நீட்டினார். அவர் வீட்டில் ஒரு ஆள் குறைந்து ஒரு ஆள் கூடியிருந்தது.

இசக்கியம்மாள் அழைத்துவரப் போனாள். அவள் பிறந்த வீட்டுக்குள் முன்வாசல் வழியாக நுழைய, அவன் பின்வாசல் வழியாக இக்கரைக்கு வந்துவிட்டான். அவள் திரும்பி வர, அவன் மறுபடி கிளம்பினான். கடைசியில் ஏணியின் நடுவில் எதிரும் புதிருமாகச் சந்தித்தார்கள். அவள் அவன் மாலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"இனி ஒரு எட்டு வச்சீருன்னா, மாலையோட சேர்த்துத் தண்ணிக்குள்ள அமுக்கிருவேன் மச்சான். சொல்லும், இது எந்தப் பக்கம்?"

மாசானத்துக்குத் தெரியவில்லை. கரையில் இருந்த இருவரும் கூடிப் பேசினார்கள். ஆவுடையப்பன் முகம் மலர்ந்தது.

"எலே, அது நடுக்கோடு! நடுக்கோட்டுல எதையும் எழுதக் கூடாது. அங்க யாரு இருந்தாலும் கணக்குல வராது!"

அன்றிலிருந்து அவர்கள் குடித்தனம் அங்கேதான். இரண்டு பலகை போட்டு, கொடி கட்டித் துணி காயப்போட்டிருக்கிறார்கள். சோறு அக்கரையிலிருந்தும் குழம்பு இக்கரையிலிருந்தும் வருகிறது. அப்போதுதான் சமமாக இருக்குமாம்.

நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்றுக் காலையில் போனேன்.

"எலே மாசானம், எனக்கு ஓடு மாத்தணும். என் ஏணியைக் கொடு."

"இப்பம் இது நடுக்கோடு இல்ல, வீடு. குடும்பம் நடக்குற இடத்துல வந்து சத்தம் போடாதீய பெரியப்பா," என்றான் மாசானம்.

இசக்கியம்மாள் நல்ல பிள்ளை. "வெளியவே நிக்கீயளே, உள்ள வாங்க மாமா, ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாம்," என்று பலகையில் நகர்ந்து இடம் விட்டாள்.

சரி, என் ஏணிதானே என்று காலை எடுத்து வைத்தேன். மாசானம் எழுந்து, "வாங்க பெரியப்பா" என்று கும்பிட்டுவிட்டு, வாய்க்காலில் குதித்தான்.