மெய்யோணானின் சாட்சி

தகடிமங்கலத்து மலைப்பாறைகளில் மெய்யோணான் என்றொரு பிராணி இருந்தது. முழங்கை நீளம். பச்சை உடம்பு, சாம்பல் வால். கரையான் புற்றில் முட்டையிடும். குஞ்சுகள் வெளியே வந்ததும் இடம் கொடுத்த கரையானையே தின்று வளரும். தாடைக்குக் கீழே ஒரு பை தொங்கும். சில சமயம் அது உப்பிக்கொண்டு ரத்தச் சிவப்பாகிவிடும்.

அதற்கு மலைவாசிகள் ஒரு காரணம் சொல்வார்கள். முன்பிறவியில் அது தேவலோகத்து நீதிபதியாம். பொய்ச்சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொன்னதால் ஓணானாகிவிட்டதாம். அதனால் இன்றுவரை பொய்யைக் கேட்டால் அதற்குத் தொண்டை சிவந்துவிடுமாம்.

அந்த நாட்டு ராஜா வல்லபராயர் நல்ல மனிதர். யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார், அது ஒன்றுதான் குறை. அரண்மனை மணியக்காரர் வீரபாகு ஒரு மெய்யோணானைப் பிடித்து வந்து, "இனி உங்களை யாரும் ஏமாற்ற முடியாது, மகாராஜா!" என்று கூண்டோடு சபையில் வைத்தார்.

முதல் நாள் பத்துப் பேர் பயந்து பயந்து ராஜாவைப் புகழ்ந்தார்கள். "தங்கள் குரலைக் கேட்டால் குயில் வெட்கப்படும்" என்றுகூட ஒருவர் சொல்லிவிட்டார். ஓணான் அசையவில்லை.

"அப்படியானால் நான் நன்றாகத்தான் பாடுகிறேன்!" என்றார் ராஜா. அன்று மாலை சபை முழுவதும் உட்கார்ந்து அவர் பாட்டைக் கேட்க வேண்டியதாயிற்று.

பத்து நாள் கழித்து மகாராணியின் மாணிக்கத் தோடு ஒன்று காணாமல் போனது. அந்தப்புரத்துக்குத் தினமும் போய்வருகிறவள் செங்கமலம். ராஜாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுப்பது அவள் வேலை. விஷம் கலந்திருக்குமோ என்று ஒவ்வொரு முறையும் முதல் சுருளைத் தானே மென்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

"ஓணானைக் கேட்டால் தெரிந்துவிடும்" என்றார் வீரபாகு.

வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த செங்கமலம் அப்படியே எழுந்து கூண்டின் முன் வந்து நின்றாள். "தோட்டை நான் கண்ணால்கூடப் பார்க்கலை, மகாராஜா."

ஓணானின் தொண்டை குபுக்கென்று சிவந்தது.

"பதினைந்து வருஷம் உங்களுக்காக விஷம் இருக்கான்னு தின்னு பார்த்தவ நான்!" என்று அழுதாள் அவள். அதற்கும் சிவந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் அவள் நாட்டை விட்டுப் போய்விட வேண்டும் என்று ராஜா மனம் கசந்து உத்தரவிட்டார்.

சபையில் மாசிலாமணி என்றொரு விகடர் இருந்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை. சபை கலைந்த பிறகு கூண்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே இருந்த செடியிலிருந்து ஒரு செம்பருத்திப் பூ காற்றில் வந்து கூண்டின் முன் விழுந்தது. ஓணான் உடனே தொண்டையை உப்பிச் சிவந்தது.

மாசிலாமணி பூவைக் கையில் எடுத்தார். "நீ என்னம்மா பொய் சொன்னாய்?" என்று கேட்டார்.

மறுநாள் காலை சபை கூடியது.

"மகாராஜா, தாங்கள் ஒரே ஒரு தாம்பூலம் போட்டுக்கொள்ள வேண்டும்" என்றார் மாசிலாமணி.

"சபையிலா? வாயைக் கொப்பளித்துவிட்டு வருவதுதானே இங்கே மரியாதை?"

"இன்று ஒரு நாள் மன்னிக்கலாம். மென்றுகொண்டே ஓணானிடம் போய், சந்தேகமே இல்லாத உண்மை ஒன்றைச் சொல்லுங்கள்."

ராஜா வெற்றிலையை நன்றாக மென்றார். கூண்டருகே குனிந்தார். "நான் இந்த நாட்டின் ராஜா" என்றார்.

ஓணானின் தொண்டை மாதுளம்பழம்போல உப்பிச் சிவந்தது.

சபையில் சிலர் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

"என்ன ஐயா அநியாயம் இது!" என்றார் ராஜா.

மாசிலாமணி கைகட்டி நின்றார். "ஓணான் சொல்வது உண்மையானால் நீங்கள் ராஜா இல்லை. ராஜா இல்லையென்றால் செங்கமலத்தைத் துரத்த இங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. ஓணான் சொல்வது தப்பானால் அவள்மேல் குற்றமே இல்லை. எப்படிப் பார்த்தாலும் அவள் வீட்டுக்குப் போகலாம், மகாராஜா!"

ராஜா யோசித்துப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. "அப்படியானால் இது ஏன் சிவக்கிறது?"

"இரண்டு ஆண் ஓணான்கள் எதிர்ப்பட்டால் தொண்டையைச் சிவக்கக் காட்டித்தான் சண்டைக்கு இழுக்கும். வெற்றிலை போட்ட வாயைத் திறந்தால், இன்னொரு ஓணான் வம்புக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறது. இது நம் மணியக்காரருக்கு முன்பே தெரியும்."

"எ-எனக்கா?" என்றார் வீரபாகு.

"ஒரு நாளைக்கு நாற்பது வெற்றிலை போடுகிறவர் நீங்கள். சபையில்கூட ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் நிற்பீர்கள். ஓணான் வந்த நாளிலிருந்து ஒரு வெற்றிலைகூடத் தொடவில்லையே, ஏன்?"

"பல்வலி."

"முந்தாநாள் விருந்தில் சீடையைக் கடகடவென்று கடித்தீர்களே, அந்தப் பல்லிலா?"

வீரபாகு வாசல் பக்கம் நழுவப் பார்த்தார். காவலர்கள் அவர் வீட்டுக்குப் போய்த் தேடினார்கள். பத்து நாளாக வேலையில்லாமல் கிடந்த சுண்ணாம்பு டப்பாவுக்குள் தோடு கிடைத்தது. வீரபாகு அன்றே சிறைக்குப் போனார்.

ராஜா செங்கமலத்தைச் சபைக்கு வரவழைத்து, எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிப்பெல்லாம் இருக்கட்டும், மகாராஜா. முதல்ல போய் வாயைக் கொப்பளிச்சுட்டு வாங்க. ஓணான் இன்னும் உங்களைத்தான் முறைக்குது" என்றாள்.

கொப்பளித்துவிட்டு வந்த ராஜாவின் முகம் திடீரென்று வாடியது.

"மாசிலாமணி, அப்படியானால் அந்தப் பத்துப் பேர் என்னைப் புகழ்ந்தது? என் பாட்டு?"

பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள்.

"அதைக் கண்டுபிடிக்க ஓணான் வேண்டாம், பிரபு" என்றார் மாசிலாமணி. "அது பாவம், மலைக்கே போகட்டும். ஒருவர் உங்களைப் புகழும்போது அவர் கண்ணைக் கவனியுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால் உண்மை. பரிசு வருமா என்று உங்கள் கையைப் பார்த்துப் பேசினால் பொய்."

"ஆஹா! உம்மைப் போல ஒரு புத்திசாலியை நான் பார்த்ததே இல்லை!" என்றார் ராஜா.

"தங்களைப் போல ஒரு வள்ளலை நானும் பார்த்ததில்லை, மகாராஜா."

"ஓய்! நீர் இப்போது எங்கே பார்த்துப் பேசுகிறீர்?"

"கையைத்தான், மகாராஜா!"

ராஜா சபை அதிரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கையில் இருந்த தங்கக் காப்பைக் கழற்றினார்.