பூஜ்யத்தில் நின்றவன்

“ஆசானே, அந்த ‘சும்மா’வைக் குழுவுல இருந்து தூக்கிடணும்.”

ஜெசிந்தா மைக்கைத் திறந்தால் முதலில் வருவது அவள் குழந்தையின் தூளிக் கயிற்றின் கிறீச். அப்புறம்தான் குரல்.

“ஏன் அண்ணா?”

அருள்நேசனுக்கு நாற்பத்திரண்டு வயது; ஐஸ் பிளான்ட்டில் மெக்கானிக். அவளுக்கு இருபத்து நாலு. நேரில் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஆன்லைன் விளையாட்டில் அவருக்கு வாள் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான். அதனால் ஆசான்.

“டேமேஜ் மீட்டர் போட்டிருக்கேன்ல? யாரு எவ்வளவு அடிச்சாங்கன்னு திரை ஓரத்துல கோடு கோடா காட்டுது. நான் முதல்ல. தாஜு ரெண்டாவது. சும்மா பூஜ்யம். மூணு வாரமா பூஜ்யம்.”

“வச்ச பேருக்கு உண்மையா இருக்கான், பாவம்,” என்றான் தாஜுதீன். எட்டுப் பேர் குழுவில் யாரோ சிரித்தார்கள்.

“குகை வாசல்ல நமக்கு முதுகைக் காட்டிட்டு நிக்கிறான். நடுநடுவே ‘இருக்கேன்’னு டைப் பண்றான். யாரு கேட்டா?”

அன்று மாலை ஆறு மணியோடு அந்தக் குகையை மூடிவிடுவார்கள். இனி திறக்காது. உள்ளே இருக்கும் கல்லரசனை இதுவரை அவர்கள் வீழ்த்தியதில்லை. ஏழு மாத ஞாயிற்றுக்கிழமைகளை அருள்நேசன் அதற்குக் கொடுத்திருந்தார்.

மணி ஐந்தே கால்.

“சரி, தூக்கிடுங்க,” என்றாள் ஜெசிந்தா.

தூக்கினார். பட்டியலில் அந்தப் பெயர் அணைந்தது.

ஏழு பேர் உள்ளே போனார்கள். கோடுகள் அப்படி ஓடி அவர் பார்த்ததே இல்லை.

“அண்ணே, உங்களைத் தாண்டப் போறேன்!”

“தாண்டுடா பாப்போம்!”

தாஜுதீனின் கோடு நின்றது.

“தாஜு?”

“செத்துட்டேன் அண்ணே. எது அடிச்சுதுன்னே தெரியல. யாராவது வந்து எழுப்புங்களேன்.”

கல்லரசன் இன்னும் கையைக்கூடத் தூக்கவில்லை.

முன்பெல்லாம் விழுந்தவரை எழுப்ப யாராவது ஓடுவார்கள். இப்போது ஓடினால் கோடு நின்றுவிடும். யாரும் போகவில்லை.

இன்னொரு கோடு நின்றது. பிறகு இன்னொன்று. வாசல் பக்கம் இருந்தவர்கள் முதலில். கடைசியில் ஓடியது அருள்நேசனின் கோடு ஒன்றுதான். திரையின் நீளத்துக்கு ஓடியது.

ஹெட்போனில், முதுகுக்குப் பின்னால், ஈரக் காலடி.

திரை கறுத்தது.

ஹெட்போனில் தூளிக் கயிறு மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

“மீட்டர் தப்பாக் காட்டுதோ ஆசானே?”

“நீங்க அடிச்சதுல எதையாவது விட்டுடுச்சா?”

“இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“உங்களை அடிச்சது யாருன்னு போட்டிருக்கு?”

பார்த்தார். அந்த இடம் காலியாக இருந்தது.

“சும்மாவைத் திரும்பக் கூப்பிடுங்க,” என்றார்.

“கூப்பிட்டேன். வரல.”

“அவனை வாசல்ல நிக்கச் சொன்னது யாரு? நீங்களா?”

“யாரும் சொல்லல. முதல் நாளே கேட்டேன், ஏன் நிக்கிறன்னு. ‘யாராவது பாத்துக்கிட்டு இருக்கணும்ல’ன்னான்.”

“எதை?”

“போய் நில்லுங்க அண்ணா.”

ஐந்து நாற்பது. ஏழு பேரும் மறுபடி உயிர் பெற்றுக் குகைக்குப் போனார்கள்.

அருள்நேசன் வாசலில் போய் நின்றார். எல்லோருக்கும் முதுகைக் காட்டி, வெளியே இருட்டைப் பார்த்து. முதலில் ஒன்றுமில்லை. பிறகு அந்த இருட்டில் ஓர் இடம் மட்டும் இன்னும் இருட்டாக, ஓர் ஆள் உயரத்துக்கு.

அது அசையவில்லை.

பின்னால் கல்லரசன் மேல் அடி விழத் தொடங்கியது. தாஜுதீன் உற்சாகமாகக் கத்தினான். அருள்நேசனின் கண் தானாகத் திரை ஓரத்துக்குப் போனது. தாஜு முதலில். அவர் பூஜ்யம்.

கண்ணைத் திருப்பிக் கொண்டுவந்தபோது அது ஓரடி கிட்டே வந்திருந்தது.

மவுஸை அவர் தொடவே இல்லை. அவர் கண் எங்கே போகிறது என்று விளையாட்டுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. தெரியக் கூடாது.

இன்னொரு தரம் ஓரத்தைப் பார்த்தார். ஒரே நொடி.

இன்னும் ஓரடி. இப்போது அதற்குக் கைகள் இருந்தன.

பார்வையை எடுக்காமல், கீபோர்டை விரலால் தடவி, மீட்டரை அணைத்தார். கோடுகளும் பெயர்களும் போயின. அவரும் அதுவும் மட்டும்.

கண் எரிந்தது. தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை. பின்னால் கூச்சல், பாறை பிளக்கும் ஓசை, யாரோ யாரையோ எழுப்பும் குரல். பிறகு எல்லாம் அடங்கிப்போனது.

“ஜெயிச்சாச்சு அண்ணா,” என்றாள் ஜெசிந்தா. “திரும்பிப் பாருங்க.”

ஏழு மாதம். கை மவுஸுக்குப் போய்விட்டது.

தூளிச் சத்தம் இல்லை.

கை அப்படியே நின்றது.

“அண்ணா. திரும்புங்க.”

குரல் பின்னாலிருந்து வரவில்லை. முன்னாலிருந்து வந்தது.

அருள்நேசன் இமைக்கவில்லை. விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி, யாரும் கேட்காமலே, டைப் செய்தார்.

‘இருக்கேன்.’