காங்கேயம் வரை போன கார்

"அம்மா, சிநேகிதன் காரைக் கேட்டா கொடுக்கலாமா, கூடாதா?"

கேட்டவர் நாச்சிமுத்து. கோவையில் பம்ப்செட் கம்பெனி நடத்துகிறவர். வயது ஐம்பத்தெட்டு.

வேலம்மை நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன மடத்தில் தனியாக இருந்தார். முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாச்சிமுத்துவைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் ஆறு வருடமாக அவர் குரு என்று நினைத்தது இவரைத்தான்.

அன்று வேலம்மை மடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தச் சிநேகிதர்?"

"கனகராசுங்க."

"எந்தக் கார்?"

"புதுசுங்க. அறுபது லட்சம்."

"இடிச்சுட்டாரா?"

"இல்லைங்க. ஒரு கீறல்கூட இல்லை. கழுவித் துடைச்சு, டேங்க்கை நிரப்பிக் கொண்டுவந்து நிறுத்திட்டான்."

வேலம்மை சுண்ணாம்பு மட்டையை வாளியில் போட்டார்.

"அப்புறம் என்ன குறை?"

நாச்சிமுத்து படியில் உட்கார்ந்தார்.

கனகராசுவும் அவரும் பதினெட்டு வயதில் ஒரே ஒர்க்‌ஷாப்பில் லேத் மெஷின் ஓட்டியவர்கள். நாச்சிமுத்துவின் கை மெஷினில் சிக்கியபோது அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவர் கனகராசு. நாச்சிமுத்து முதலாளி ஆனார். கனகராசு இன்றுவரை லேத்திலேயே நின்றார். ஆனாலும் இருவருக்கும் இடையே வாடா போடாதான். நாற்பது வருடம்.

"அவனோட அப்பாவுக்கு எண்பத்தி நாலு வயசுங்க. கொடுமுடிக்காரர். சாகறதுக்குள்ள ஒருதடவை அந்த ஊர் ஆத்தைப் பாக்கணும்னார். எனக்கும் அவர் அப்பா மாதிரி. எத்தனையோ நாள் அவங்க வீட்டுலதான் எனக்குச் சோறு. அதுக்குத்தான் வண்டி."

"கொடுத்தீங்க."

"கொடுத்தேனுங்க. சாவியைக் கொடுக்கும்போது நாலு வார்த்தை சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"செருப்பைக் கழட்டிட்டு ஏறணும். உள்ள ஒண்ணும் தின்னக் கூடாது. வண்டியை நிறுத்துனா எஞ்சினையும் அணைச்சிரணும், ஏசி சும்மா ஓடக் கூடாது. அப்புறம்..."

"அப்புறம்?"

"சீட்டு வெள்ளைத் தோலுங்க. கறை பட்டாப் போகாது. அதையும் சொன்னேன்."

"யார்கிட்ட?"

நாச்சிமுத்து தரையைப் பார்த்தார்.

"பெரியவரைப் பாத்துத்தானுங்க."

வேலம்மை விரலில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"வண்டி எங்க இருக்குன்னு போன்லயே தெரியுங்க. பல்லடத்துல வேகமாப் போச்சு. கூப்பிட்டுச் சொன்னேன். காங்கேயம் தாண்டுனதும் நின்னுருச்சு. பத்து நிமிஷம் பாத்தேன். இருபது நிமிஷம் பாத்தேன். நகரவே இல்லை. மறுபடி கூப்பிட்டேன்."

"எதுக்கு நின்னுச்சாம்?"

"அவன் சொல்லலைங்க. 'ஒண்ணுமில்லை, வந்துடறேன்'னான். சாயங்காலம் வண்டி என் வாசலுக்கு வந்திருச்சு. ஒரே நாள்ல கொடுமுடி போய்த் திரும்பிட்டாங்கன்னு நினைச்சேன். வண்டியைச் சுத்திச் சுத்திப் பாத்தேன். திருப்தியா இருந்துச்சு."

"அவர் முகத்தைப் பாத்தீங்களா?"

"இல்லைங்க. அவன் சாவியை வாட்ச்மேன்கிட்டக் கொடுத்துட்டுப் போயிட்டான்."

இருபதாம் நாள் பெரியவர் இறந்துபோனார்.

நாச்சிமுத்து பெரிய மாலையோடு அந்தக் காரிலேயே போனார். சந்து குறுகல். பந்தல் ஓரமாக நிறுத்தினார். கனகராசு எழுந்து வந்தார். கட்டிக்கொண்டு அழுவார் என்று நாச்சிமுத்து கைகளை நீட்டினார்.

கனகராசு தள்ளியே நின்றார்.

"வண்டியக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கோங்க. ஜனங்க போற வழி. கீறல் விழுந்திரும்."

அவ்வளவுதான் சொன்னார். போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

"நிறுத்திக்கோங்கன்னான் அம்மா. என்னைப் பாத்து. நாப்பது வருஷத்துல ஒருநாள் என்னை 'ங்க' போட்டுப் பேசினதில்லை. அடிச்சிருந்தாக்கூட வாங்கிட்டு வந்திருப்பேன்."

வேலம்மை வாளியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"அவன் சம்சாரம் சாவித்திரி என்னை அண்ணான்னுதான் கூப்பிடும். அதுதான் வாசல்ல வெச்சுச் சொல்லுச்சு. காங்கேயம் தாண்டுனதும் பெரியவருக்குக் குமட்டியிருக்கு. வண்டியை நிறுத்தச் சொல்லி அவரே இறங்கிட்டாராம். ரோட்டோரம் பாலத்துக் கட்டையில உக்காந்து வாந்தி எடுத்திருக்கார். பங்குனி வெயில். 'உள்ள வந்து ஏசியில படுங்க மாமா'ன்னு சாவித்திரி கெஞ்சியிருக்கு. 'வேண்டாம் சாமி, மறுபடி வந்தா சீட்டு கெட்டுப் போகும்'னு ஏறவே மாட்டேன்னுட்டாராம். நாப்பது நிமிஷம் அந்த வெயில்லயே உக்காந்திருக்கார். அப்பத்தான் நான் போன் பண்ணினேன்."

"என்ன கேட்டீங்க?"

"ஏன்டா இவ்வளவு நேரம் நிக்குது, எஞ்சினை அணைச்சியான்னு கேட்டேனுங்க."

சுவரில் சுண்ணாம்பு காய்ந்துகொண்டிருந்தது.

"அதோட போதும்னு திரும்பிட்டாங்க. பெரியவரையும் சாவித்திரியையும் கோயமுத்தூர் பஸ்ஸுல ஏத்திவிட்டுட்டு, பஸ்ஸுக்குப் பின்னாலேயே இவன் காலி வண்டியை ஓட்டிட்டு வந்திருக்கான். அறுபது லட்சம் ரூபா வண்டியில ஒத்த ஆளா. பஸ்ஸுல அவருக்கு உக்கார இடம் கிடைச்சுதான்னுகூட நான் கேக்கலை. கேக்கப் பயமா இருந்துச்சு."

"ஆத்தைப் பாக்கலையா அவர்?"

"பாக்கலைங்க."

மடத்து வேலிக்கு அப்பால் ஒரு டிராக்டர் போயிற்று.

நாச்சிமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதனால ஒரு முடிவுக்கு வந்துட்டேனுங்க. இனிமே யார் கேட்டாலும் வண்டி கொடுக்கறதில்லை. கொடுத்தாத்தானே இந்த மனக்கசப்பெல்லாம்? ஆரம்பத்துலயே முடியாதுன்னு சொல்லியிருந்தா ஒரு வாரம் கோவிச்சிருப்பான், அவ்வளவுதான். நான் நினைக்கறது சரிதானுங்களா?"

வேலம்மை அவருக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தார்.

"கனகராசு உங்ககிட்ட வண்டி கேட்டாரா?"

"என்னங்கம்மா?"

"கேட்டாரான்னு கேக்கறேன். அவர் வாயால."



"கேக்கலைங்க."

"பின்ன?"

"அவன் டாக்ஸிக்குச் சொல்லியிருந்தான். காலையில ஒம்பது மணிக்கு அது வாசல்ல வந்து நின்னுருச்சு. பழைய வண்டிங்க. நான் வழியனுப்பப் போனேன். நம்ம அப்பா வாடகை வண்டியில போறதாடா, அப்புறம் நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்னு சத்தம் போட்டேன். டாக்ஸிக்காரனைத் திருப்பி அனுப்பினேன். கனகராசு வேண்டாம் வேண்டாம்னான். சந்துல எல்லாரும் வெளிய வந்து பாத்துட்டு இருந்தாங்க. நான்தான் அவன் கையைப் பிடிச்சுச் சாவியைத் திணிச்சேன்."

"அந்த டாக்ஸியிலயே போயிருந்தா?"

"போயிருந்தா..."

"பெரியவருக்குக் குமட்டியிருக்குமா?"

"குமட்டியிருக்குமுங்க. வயசாச்சில்ல."

"வண்டிக்குள்ளயே எடுத்திருப்பார்."

"ஆமாங்க."

"டிரைவர் என்ன பண்ணியிருப்பான்?"

"கத்தியிருப்பானுங்க. முதல்லயே சொல்றதுக்கென்னன்னு எரிஞ்சு விழுந்திருப்பான். கழுவறதுக்குன்னு தனியா ஏதாச்சும் கேட்டிருப்பான்."

"சரி. வாங்கிட்டான். கழுவிட்டான். அப்புறம்?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். மூடினார்.

"சொல்லுங்க. அப்புறம் என்ன பண்ணியிருப்பான்?"

"கொடுமுடிக்கு," என்றார் நாச்சிமுத்து. "கொண்டுபோய்ச் சேத்திருப்பானுங்க."