எலி ஏன் ஊதி ஊதிக் கடிக்கிறது

அந்தக் காலத்தில் எலிகள் பட்டப்பகலிலேயே வீட்டுக்குள் வந்து போகும். மனிதரோடு உட்கார்ந்து பேசும். யாருக்காவது நகம் வளர்ந்துவிட்டால் எலியைத்தான் கூப்பிடுவார்கள். அது முன்பல்லால் நகத்தை நேராகக் கத்தரித்துவிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகும்.

அப்படி ஓர் ஊரில் சடைச்சி என்றொரு பெண் இருந்தாள். நாற்று நடுவதில் அவள் வேகம் யாருக்கும் வராது. அவள் தங்கைக்குக் கல்யாணம் கூடிவந்தது.

"எலியண்ணே, கால் பெருவிரல் நகத்தைப் பிறை மாதிரி வளைச்சு விடுங்க. கல்யாணத்துல பார்க்க அழகா இருக்கும்" என்றாள்.

எலி மாட்டேன் என்றது. "மூலையை வளைச்சு எடுத்தா, திரும்ப வளரும்போது சதைக்குள்ள இறங்கிரும் தாயி. நேரா வெட்டுறதுதான் காலுக்கு நல்லது."

சடைச்சி கேட்கவில்லை. எலி போனதும் ஒரு கல்லில் நகத்தைத் தேய்த்துத் தேய்த்து, இரண்டு மூலையையும் தானே வளைத்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் அவள் காலைப் பார்த்தார்களோ என்னவோ, அவளுக்குத் திருப்தியாக இருந்தது.

நடவு தொடங்கியது. ஒருநாள் சேற்றில் கால் வைத்தபோது பெருவிரலோரம் சுருக்கென்றது. மறுநாள் சிவந்து வீங்கிவிட்டது. எலியின் முகத்தில் விழிக்கக் கூச்சமாக இருந்தாலும், வேறு வழியில்லாமல் கூப்பிட்டாள்.

எலி ஒரு சொல்லும் குத்திக் காட்டவில்லை. வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை ஊறவைக்கச் சொன்னது. பிறகு இலவம்பஞ்சைத் திரியாகத் திரித்து, நகத்தின் ஓரத்தை மெல்லத் தூக்கி அடியில் செருகியது.

"தினமும் இப்படிச் செஞ்சா நகம் சதைக்கு மேலாக வளர்ந்து வெளியே வந்துரும். அதுவரைக்கும் சேத்துல இறங்காதீங்க தாயி."

"நடவு நேரத்துல வீட்டுல உக்காந்தா எப்படிண்ணே?"

மறுநாளே அவள் வயலில் இறங்கினாள். பஞ்சு சேற்றோடு போயிற்று. நாலாம் நாள் விரலோரம் சீழ் கட்டியது. காலை ஊன்ற முடியாமல் சுவரில் சாய்ந்து கிடந்தாள்.

எலி வந்து பார்த்தது. "உள்ளே போன துண்டைக் கடிச்சு எடுக்கிறதைத் தவிர இனி வழியில்லை. முழு நகத்தையும் எடுக்க வேண்டாம், ஓரம் மட்டும் போதும். ஊதி ஊதிக் கடிக்கிறேன், வலி அவ்வளவு தெரியாது. அசையாம இருந்தாச் சரி."

எலி ஊதியது. புண்ணின் எரிச்சலில் குளுமை பரவியது. ஒரு கடி. மறுபடி ஊதல். மறுபடி ஒரு கடி. சடைச்சி பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு வலி வந்தது பாருங்கள், உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. பக்கத்தில் உலக்கை சாய்ந்திருந்தது. கை அதை எடுத்ததும் அடித்ததும் அவளுக்கே தெரியாது. எலி வீறிட்டு, ஒடிந்த பின்னங்காலை இழுத்துக்கொண்டு வளைக்குள் போய்விட்டது.

அப்போதுதான் கவனித்தாள்: வலி நின்றிருந்தது. காலடியில் மெல்லிய நகத்துண்டு ஒன்று ரத்தத்தோடு கிடந்தது. அது கடைசிக் கடி. அவள் மட்டும் இன்னும் ஒரு மூச்சு பொறுத்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

புண் ஆறியதும் ஒரு கை நெல்லோடு வளைவாசலுக்குப் போய் உட்கார்ந்தாள்.

"எலியண்ணே, வலியில புத்தி கெட்டு அடிச்சுட்டேன். ஒரு தடவை வெளியே வாங்க. கால் எப்படி ஆறியிருக்குன்னு பாருங்க."

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஆறுனதுல சந்தோஷம் தாயி. உங்க மேல கோபமில்லை. ஆனா நீங்க முழிச்சிருந்தாலே என் உடம்பு நடுங்குது. நான் என்ன செய்ய?"

அதன் பிறகு எந்த எலியும் மனிதரோடு பேசவில்லை. சடைச்சி பல நாள் போய்க் காத்திருந்துவிட்டு, அழுதுகொண்டே திரும்பினாள்.

அன்று முதல்தான் நாம் நம் நகத்தை நாமே கோணல்மாணலாக வெட்டி, சதைக்குள் இறங்கவிட்டு அவதிப்படுகிறோம். எலியோ பழையபடி நகம் வெட்டிவிட நாம் கண்ணயர்ந்த பிறகே வருகிறது. நகம் எது, சதை எது என்று இருட்டில் தெரியாமல், வலிக்கக் கூடாதே என்று ஊதி ஊதிக் கடித்துவிட்டு, நாம் புரண்டு படுத்தாலே ஓடிவிடுகிறது.