கீழே பார்த்தவர்

சாலிகிராமத்தில் ரெஜினாவின் எடிட்டிங் அறைக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் வெளியே வெயிலா மழையா என்றே தெரியாது.

அன்று மத்தியானம் பரஞ்சோதி அங்கே வந்து உட்கார்ந்தார். வயது நாற்பத்தாறு, ரெஜினாவைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் படத்தைத் தொகுக்கும் வேலையை அவளிடம்தான் கற்றுக்கொண்டார். "குருவே" என்றுதான் கூப்பிடுவார். இப்போது சொந்தமாக ஒரு சண்டைப் படம் எடுத்து முடித்துவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு, அதில் வேலை செய்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டப் போகிறார்.

பாவம், கையில் காசு குறைவு; சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். கதாநாயகன் கை எதிராளி முகத்துக்கு ஒரு சாண் தள்ளியே நின்றுவிடும். எதிராளியும் மரியாதைக்கு விழுந்துவைப்பார். அடியாட்கள் மொத்தம் ஆறே பேர். குடோனில் செத்தவர்கள் மீசையை எடுத்துவிட்டு மார்க்கெட்டில் வந்து மறுபடி சாவார்கள்.

"குருவே, இந்தக் குறையெல்லாம் எப்படி மறைக்கிறது?"

"எது ரொம்ப உறுத்துது?"

"சந்தியாகு அண்ணன் மாடியிலேர்ந்து விழுற ஷாட். அதைத் தூக்கிடலாம்னு இருக்கேன்."

சந்தியாகு அந்த ஆறு பேரில் ஒருவர். இருபத்திரண்டு வருஷமாகப் படங்களில் விழுகிறவர். எல்லாவற்றிலும் முதுகுதான் தெரியும், இல்லையென்றால் முகமூடி. இந்த ஒரு ஷாட்டில்தான் முகம் வருகிறது. சாயங்காலம் மகளையும் கூட்டி வருகிறேன் என்று காலையிலேயே போன் பண்ணியிருந்தார். பரஞ்சோதியும் சரியென்று சொல்லிவிட்டார். ஆனாலும் ஊர் சிரித்தால் என்ன செய்வது?

ரெஜினா சத்தத்தை அணைத்தாள். படத்தைப் பின்னோக்கி ஓடவிட்டாள்.

உடைந்த கண்ணாடிச் சில்லுகள் தரையிலிருந்து கூடி வந்து ஜன்னலில் பொருந்தின. செத்துக் கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மூக்கில் இருந்த ரத்தம் காணாமல் போயிற்று. கதாநாயகன் கையை நீட்டி நீட்டி எல்லாரையும் எழுப்பிவிடுகிற மாதிரி இருந்தது. நாம் எடுத்த படம்தானா இது என்று பரஞ்சோதி வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் சந்தியாகு கீழேயிருந்து மிதந்து வந்தார். சட்டை காற்றில் உப்பியிருந்தது. மொட்டைமாடி விளிம்பில் மெல்லக் கால் ஊன்றி, தலையைக் குனிந்து கீழே பார்த்தார்.

ரெஜினா அங்கே நிறுத்தினாள்.

"பாத்தீங்களா?" பரஞ்சோதி தலையில் கை வைத்துக்கொண்டார். "அடி விழுறதுக்கு முன்னாடியே கீழே பாக்குறாரு. எந்த ஊரு ரவுடி அப்படிப் பாப்பான்? போதாததுக்கு ஓரத்துல மெத்தை வேற தெரியுது. நீலப் பூப் போட்ட மெத்தை."

"யாரோட மெத்தை?"

"எங்க வீட்டுதுதான். ஸ்டன்ட்டுக்கு விக்கிற மெத்தையெல்லாம் நமக்கு எட்டுமா? கட்டில்ல கிடந்ததை நானே தலையில தூக்கிட்டுப் போனேன். அடியில வைக்கோல் போட்டு, முதல்ல நானே ஒரு தடவை குதிச்சுப் பாத்தேன்."

"வீட்ல ஒண்ணும் சொல்லலையா?"

"நாலு நாள் வெறும் பாயில படுத்தோம். என் சம்சாரம் திட்டித் தீத்துட்டா."

ரெஜினா கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள். "தூக்கணும்னா நீங்களே தூக்குங்க."

பரஞ்சோதி அழிக்கிற பொத்தான்மேல் விரலை வைத்தார். திரையில் சந்தியாகுவின் முகம் தெளிவாக நின்றது.

"ஒரு நிமிஷம்," என்று ரெஜினா மௌஸைத் தொட்டாள். இந்த முறை படத்தை நேராக, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினாள். சந்தியாகுவின் கண் கீழே போயிற்று. எதையோ கண்டுகொண்டது. நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. அதற்குப் பிறகுதான் உடம்பை விட்டார்.

"இந்த இடத்துல என்ன பாக்குறாரு?"

"மெத்தை இருக்கான்னு பாக்குறாரு."

ரெஜினா நாற்காலியைத் திருப்பி அவரைப் பார்த்தாள்.

"இருந்துச்சுல்ல?"

பரஞ்சோதி திரையைத் திரும்பப் பார்த்தார். அழிக்கிற பொத்தான்மேலிருந்து விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.